சாட்சிக்கு வந்த மீன்கள்

இதைச் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிட்டு, நடுவில் நானே குழம்பி நிற்பேன். போன வாரம் என் தங்கையிடம் போனில் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள், "பாவம்க்கா, மீனுக்குக்கூடவா சர்க்கரை வியாதி வருது?" என்றாள்.

மீனுக்கு வரவில்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் வந்தது. அதனால் இந்த முறை அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கற்றுக்கொள்ள வந்தவர் ஓட்டுவார். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பார். அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் அடங்குவதில்லை. நான் அடுப்படியில் உப்பு ஜாடிக்குள் கையை விட்டால் போதும், கூடத்தில் நாற்காலியில் இருக்கும் அவருடைய வலது கால் தரையை ஒரு மிதி மிதிக்கும். எனக்குப் பயம், அவருக்கு பிரேக். இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது அவர் பயப்படவில்லை. டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று யாரோ சொன்னதைப்போல, "பாத்துக்கலாம் சார்" என்றார். பயந்தது நான்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சர்க்கரை, வெல்லம், தேன், ஜாம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்குக் கொடுத்துவிட்டேன். சர்க்கரை என்ற சொல்லைக்கூட வீட்டில் சொல்வதில்லை. 'அது' என்போம். "அது இல்லாம டீ குடிக்கறதுக்கு வெந்நீர் குடிக்கலாம்" என்பார். வெந்நீர் கொடுப்பேன்.

ஒருநாள் காலையில் எழுந்ததும், போருக்குப் புறப்படும் ராஜாவைப்போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொல்லையில் நின்றார்.

"பின்னால ஒரு குளம் வெட்டப் போறேன். மீன் வளக்கப் போறேன்."

"குளமா? யாராவது விழுந்துட்டா?"

"யாரு விழுவா? இந்த வீட்டுல நாம ரெண்டு பேர்தான்."

"அதான் கேக்கறேன்."

"முழங்கால் ஆழம்தான்."

"குப்புற விழுந்தா மூக்கு முங்கிடாதா?"

"குப்புற ஏன் விழறே? நேரா நில்லு. மீனைப் பாத்துக்கிட்டு உக்காந்தா மனசு அமைதியாகும். மனசு அமைதியானா அது தானா இறங்கும்."

'அது' இறங்கும் என்றால் நான் எதற்கும் தலையாட்டுவேன். ஆட்டினேன்.

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். கருப்பு ஷீட் விரித்தார். தண்ணீர் நிரப்பினார். மீன் கடையிலிருந்து தங்கமீன்கள் வந்தன. அவற்றில் ஒன்று பெரிய சிவப்பு மீன். எப்போது பார்த்தாலும் ஏதோ கேட்க வந்து மறந்துபோனதைப்போல வாயைத் திறந்து மூடும். அதற்கு 'மறதி' என்று பெயர் வைத்தேன். மீன் தீனிக்கு ஒரு தகர டப்பாவும் வந்தது. அதைக் கொல்லைச் சுவரில் இருந்த மாடத்தில் வைத்துவிட்டு ஒரு சட்டமும் போட்டார்.

"இந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது. மீனுக்கு நான் மட்டும்தான் தீனி போடுவேன். ஒரு வண்டிக்கு ரெண்டு மாஸ்டர் இருந்தா வண்டி பள்ளத்துல போகும்."

யாரும் என்றால் நான்தான். வேறு ஆள் ஏது?

அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நேரே கொல்லைக்குப் போய்விடுவார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரியும். வலது முழங்கை அவ்வப்போது அசையும். மீனுக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். போடுகிற கை முன்னால்தானே போக வேண்டும், இது ஏன் மேலே போகிறது என்று ஒருநாள் யோசித்தேன். மீசையை நீவிவிட்டுக்கொள்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மீன்கள் அவருக்குக் கட்டுப்பட்டன. "ஸ்டார்ட்!" என்பார். எல்லாம் ஒன்றுபோல அவர் காலடிக்கு ஓடிவரும். மதில்மேல் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தையல்காரி, "என்ன மாஸ்டர், மீனுக்கும் லைசென்ஸ் வாங்கிக் குடுப்பீங்களா?" என்பாள்.

"என் குரல் அப்படிம்மா. மனுஷனே ஸ்டியரிங்கை விட்டுடுவான், மீன் என்ன பண்ணும்?" என்பார் அவர்.

எனக்கே பெருமையாக இருந்தது. மறுபடியும் ரத்தம் பரிசோதித்த நாள்வரைக்கும்.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வீட்டுல என்னம்மா குடுக்கறீங்க இவருக்கு? முன்னைவிட ஏறியிருக்கே. இப்படியே போனா ஊசிதான். அப்புறம் கால்ல ஒரு சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது."

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலை டாக்டர். டீயில கூட..."

"ஒண்ணும் குடுக்காம எப்படிம்மா ஏறும்? காத்துலயா வரும்?"

நான் அவரைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெரிய மனசுக்காரரைப்போல, "திட்டாதீங்க டாக்டர். பாசத்துல ஏதாவது போட்டுடுவா" என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "நான் எப்ப போட்டேன்?" என்று அழுதேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். அந்தப் பேச்சு அன்றைக்கே அவருடைய அக்கா காதுக்குப் போய்விட்டது.

அந்த அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் ஏறினாலே, டிக்கெட் வாங்கியவர்களும் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்களாம். போன் செய்தார். குரல் இனிமையாக இருந்தது. அதுதான் பயம்.

"நீ கவலைப்படாதேம்மா. ஞாயித்துக்கிழமை வரேன். ஒரு ஆறு மாசம் தம்பியோட சமையலை நானே பாத்துக்கறேன். நீ நல்லா ஓய்வெடு."

நான் எதிலிருந்து ஓய்வெடுப்பது? எனக்குத் தெரிந்த ஒரே உத்தியோகம் அந்த அடுப்படிதான். அங்கே எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதிலிருந்து என்னை இறக்கிவிட்டால், புருஷனுக்கே விஷம் வைத்தவள் என்று கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது போகட்டும், ஊசி போடப் போவது அவர் உடம்பில் அல்லவா? எங்கிருந்துதான் ஏறுகிறது? படுத்தாலும் எழுந்தாலும் இதே கேள்விதான்.

இதற்கு நடுவில் மறதிக்கு உடம்பு சரியில்லை. வயிறு பந்துபோல உப்பி, ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்தியது. தண்ணீரும் கஞ்சிபோலக் கலங்கிவிட்டது. மீன் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ரொட்டி, பிஸ்கட்டு ஏதாவது போடறீங்களாம்மா? அது வயித்துல ஊறி உப்பிடும். செத்துக்கூடப் போகும்."

"எங்க வீட்டுல பிஸ்கட்டே கிடையாதுங்க" என்றேன். எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னேன் தெரியுமா!

மறுநாள் துவைக்கும் கல்லில் துணியைப் போட்டுவிட்டு, சோப்புத்தூள் பாக்கெட்டின் வாயைப் பிரித்தேன். தளதளவென்று தண்ணீர்ச் சத்தம். திரும்பிப் பார்த்தால், குளத்து மீன் அத்தனையும் என் பக்கத்துக் கரையில் முட்டிமோதிக்கொண்டு நிற்கின்றன. சாய்ந்து நீந்தும் மறதிகூட வந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பாக்கெட்டை வைத்துவிட்டுக் கைதட்டினேன். ஒன்றும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவரைப்போலக் குரலைத் தடிப்பாக்கி, "ஸ்டார்ட்!" என்றேன். கலைந்து போய்விட்டன. தீனி டப்பாவை வெளியிலிருந்து தட்டினேன். ஒரு சின்ன மீன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. செய்தித்தாளைக் கசக்கினேன். ம்ஹும். மறுபடியும் அந்த மினுமினுப்பான சோப்புத்தூள் பாக்கெட்டைக் கசக்கினேன். சரசர. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் காலடியில்.

"என்னக்கா, தனியா ஸ்டார்ட் பண்றே?" மதில்மேல் தையல்காரியின் முகம்.

வெட்கத்தை விட்டு அவளுக்கும் செய்து காட்டினேன். பிளவுஸ் துணியைப் பார்ப்பதைப்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அக்கா, மீன் தீனி எதுல இருக்கு?"

"தகர டப்பாவுல."

"தகர டப்பா சரசரன்னா சத்தம் போடும்?"

"இல்லையே."

"அப்ப இதுங்க எந்தச் சத்தத்துக்குப் பழகியிருக்கு?"

நாங்கள் இரண்டு பேரும் மாடத்தைப் பார்த்தோம்.

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

"தொடாதே. மூடியை மட்டும் தூக்கு."

தூக்கினேன். மேலே கொஞ்சம் மீன் தீனி. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டுக்குக் கீழே, வாயை மடித்து, நான் தேடிக்கொண்டிருந்த என் துணிக் கிளிப்பைப் போட்டு, மினுமினுப்பான காகிதத்தில் ஒரு நீள பாக்கெட். கிரீம் வைத்த பிஸ்கட்.

மேலே போன முழங்கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீசையாம், மீசை.

"மாஸ்டர் திங்கறார். உதிர்ந்த தூள் மீனுக்கு" என்றாள் தையல்காரி. "இன்னிக்கே பிடிச்சுக் கேளுக்கா!"

கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எனக்கு யோசனை வந்தால் கெட்டதாகத்தான் வரும். ஆனால் அன்றைக்கு அது உதவியது. கேட்டால், மீனுக்கு வாங்கினேன் என்பார். அண்ணியிடம் சொன்னால், தன் தப்பை மறைக்க என் தம்பிமேல் பழி போடுகிறாள் என்பார். டப்பாவைத் திறந்து காட்டலாம் என்றால், அதற்குள் அவர் இடத்தை மாற்றியிருப்பார். பிறகு நான் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டு வாங்குவேன். அண்ணி தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கக்கூடாது.

பாக்கெட்டை இருந்தபடியே வைத்து மூடினேன். அண்ணிக்கு மட்டும் ஒரு போன் செய்தேன். "அண்ணி, வரும்போது கொல்லைப் பக்கம் மீனையும் பாருங்க. உங்க தம்பி சொன்னா கேக்குதுங்க" என்றேன். அவ்வளவுதான். அதில் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டதும் கொல்லைக்கு ஓடினேன். அவர் வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, அண்ணி வந்துட்டாங்க. வந்ததும் தன் கையாலயே மீனுக்குத் தீனி போட்டுப் பாப்பாங்க போலிருக்கு. டப்பாவைக் குடுங்க. பிசுபிசுன்னு இருக்கு, துடைச்சுத் தரேன்."

அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"டப்பாவா? நானே துடைக்கறேன்."

"நீங்க போய்ப் பெட்டியை வாங்குங்க. அவங்க நிக்கறாங்க."

"அஞ்சு நிமிஷம் நிக்கட்டுமே."

"டேய் தம்பி!" என்று அண்ணியின் குரல் கூடத்திலிருந்து வந்தது. யாரும் பெட்டி வாங்கும்வரை காத்திருக்கிறவர் இல்லை அவர்.

நான் திரும்பி நின்று, கொடியில் துணியைச் சரிசெய்தேன். நிதானமாகச் செய்தேன். மனுஷனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் அல்லவா? டப்பாவின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பியபோது டப்பா என் கைக்கு வந்தது. அவருடைய கால்சட்டைப் பை ஒருபக்கம் லேசாக விம்மியிருந்தது. வீட்டுக்குள் நழுவப் பார்த்தார். அதற்குள் நிலைப்படியில் அண்ணி நின்றார்.

"எங்கடா ஓடறே? மீனைக் காட்டு. சொன்னா கேக்குதாமே?"

"அதெல்லாம் அப்புறம்க்கா. முதல்ல காப்பி..."

"காப்பி இருக்கட்டும். நட."

நடந்தார். குளத்தின் கரையோரமாக நடந்தார். வேறு வழி கிடையாது. அவர் அடி எடுத்து வைத்தாரோ இல்லையோ, மீனெல்லாம் திரண்டு வந்து, அவர் பக்கத்திலேயே நீந்த ஆரம்பித்தன. அவர் போனால் போயின. திரும்பினால் திரும்பின. தலைவருக்குப் பின்னால் தொண்டர்கள் போவதைப்போல ஒரு ஊர்வலம்.

"அட! உன்மேல எவ்வளவு பாசம்டா!" என்று அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாராட்டு கேட்டால் அவருக்கு பிரேக் பிடிக்காது.

"பாத்தியாக்கா? என் குரல் அப்படி. ஆளே தெரியும் அதுங்களுக்கு!" என்று இன்னொரு நடை நடந்து காட்டினார்.

"நில்லு" என்றார் அண்ணி.

நின்றார். மீன்களும் நின்றன.

"இப்ப நடக்காம, குரல் மட்டும் குடு."

"ஸ்டார்ட்!"

மீன்கள் அசையவில்லை. மறதி மட்டும் வாயைத் திறந்து மூடியது.

"இப்ப குரல் குடுக்காம நட."

"கால் வலிக்குதுக்கா."

"நட."

ஒரு அடி வைத்தார். மொத்தக் கூட்டமும் பாய்ந்து வந்தது. அண்ணி தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். ஓய்வு பெற்றது உத்தியோகம் மட்டும்தான், காது இல்லை.

"டேய். பையில என்ன?"

"சாவி."

"சாவி கிணுகிணுன்னும். இது சரசரங்குது. எடு வெளியே."

எடுத்தார். என் துணிக் கிளிப்போடு வந்தது.

"ஐயையோ, இது என்னங்க?" என்றேன் நான். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

"இது... மீனுக்கு வாங்கினதுக்கா" என்றார்.

"மீனுக்கா? கிரீம் வச்சதா?"

"மீன்தானே, அதுக்கும் ஆசை இருக்காதா?"

"அண்ணி," என்று மெதுவாகச் சொன்னேன், "பிஸ்கட்டு போட்டா மீன் வயிறு உப்பிச் செத்துடும்னு மீன் கடைக்காரர் சொன்னாரு. அதோ, அந்தச் சிவப்பு மீனைப் பாருங்க, சாஞ்சு நீந்துது."

அண்ணி மறதியைப் பார்த்தார். தம்பியின் வயிற்றைப் பார்த்தார்.

"மீனுக்குன்னா நீ மீனைக் கொல்றே. உனக்குன்னா நீ உன்னைக் கொல்றே. ரெண்டுல எது? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை."

அவருடைய வலது கால் தரையை மிதித்தது. மறுபடியும் மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

"எனக்குத்தான்" என்றார் கடைசியில். மூன்றாம் வகுப்புப் பையனுடைய குரலில்.

"இவ பாசத்துல போட்டுடுவான்னு டாக்டர்கிட்ட சொன்னியே, அது?"

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"இனிமே அந்தப் பேச்சை டாக்டர்கிட்ட போய் நீயே திருப்பி வாங்கு. நாளைக்கே."

பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினார். துணைக்கு நின்றவனையும் சேர்த்து அபராதம் போடுகிற ஆள் அவர். ஆனால் என் தோளில் கையை வைத்து, "அடுப்படி உன்னோடதும்மா. இவன் வாய்க்குக் காவல் இருக்கிறதே பெரிய வேலை, அதுல சமையல் வேற எனக்கு எதுக்கு? நான் நாளைக்குக் கிளம்பறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்டனையும் அப்போதே சொல்லப்பட்டது. இனி தீனி போடுவது நான். அவர் சாயங்காலம் வாளியில் உட்காரக்கூடாது, குளத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மீன் பின்னால் வரக்கூடாது. வந்தால் பையைச் சோதிக்க வேண்டும்.

மறுநாள் அக்காவும் தம்பியுமாக டாக்டரிடம் புறப்பட்டார்கள். செருப்பை மாட்டும்போது அவர் என்னையே பார்த்தார்.

"ஏன், நேத்து அந்த நேரத்துலதான் டப்பாவைத் துடைக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"விருந்தாளி வராங்க. சுத்தமா இருக்க வேண்டாமாங்க?"

இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு அண்ணி கூப்பிட்டதும் போய்விட்டார்.

வீட்டில் நானும், அந்த பாக்கெட்டும்தான் இருந்தோம். "இதை நீ வச்சுக்கோ, உன் பொறுப்பு" என்று அண்ணி என் கையில் கொடுத்திருந்தார். மற்றவர்களுக்கு அது பிஸ்கட். எனக்குப் பெரிய பாரம். அரிசிப் பானையில் ஒளித்தால் அவர் துழாவுவார். பீரோவில் வைத்தால் எறும்பு வரும், எறும்பின் பின்னாலேயே அவரும் வருவார். தையல்காரிக்குக் கொடுக்கலாம். ஆனால் அவள் ஒன்றை வாங்கினால் தெருவுக்கே ஒன்பதாகச் சொல்வாள். குப்பையில் போட மனசு வராது. மீனுக்குப் போட்டால் மறதி செத்துப்போகும். டாக்டர் வீட்டிலிருந்து அவர்கள் எந்த நிமிஷமும் திரும்பிவிடலாம்.

வாசல் கதவைத் தாழிட்டேன். கொல்லைக் கதவைச் சாத்தினேன். சத்தம் குளத்துக்குக் கேட்டுவிடக்கூடாது என்று காலி மிக்ஸியை ஓடவிட்டேன். பாக்கெட்டைப் பிரித்து, நின்றபடியே, ஒன்று விடாமல் நானே சாப்பிட்டு முடித்தேன். ஆரஞ்சு கிரீம். நன்றாகத்தான் இருந்தது.